ஆகாயத்துக்குக் கிளம்பிய வெள்ளைக் கார்

— அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்காரக் கீழ எறக்குங்க.

— ஏட்டி விஜயா, பையப் பேசு. ஆளுக எல்லாம் இப்பத்தான் டீ குடிக்கப் போயிருக்காவ, வந்துருவாவ. பிள்ளையார் சதுர்த்தி அன்னைக்கு, விழா நடத்துத மண்டல் செக்ரட்டரி பேச்சிராஜாவ பந்தலுக்குள்ளயே வச்சு அவன் பொண்டாட்டி ஏசுதாளாம்னு பேச்சு வந்தா என் மானம் என்ன ஆகும்?

— பொண்டாட்டிகிட்டக் கேக்காமக் கொள்ளாம ஆணியில தொங்குன சாவிய எடுத்துட்டு வந்து, அவ கார மேடையில ஏத்துனப்ப மானம் எங்கன போயிருந்துச்சு?

— ஏத்துனது கார இல்ல.

— பின்ன?

— விண்கலம். நேத்து சாயங்காலம் வரைக்கும் அது காரு. இப்ப அது விண்கலம். சுத்தி சில்வர் பேப்பர் ஒட்டிருக்கோமா? பின்னால கருப்புத் துணி, துணி முழுக்க சீரியல் பல்பு. ஸ்விட்சப் போட்டா மேடையே கண்ணுக்குத் தெரியாது. கார் மட்டும் அந்தரத்துல மிதக்கும். பரோபர், அப்பிடியே விண்வெளி.

— நாலடி உசர இரும்பு மேடை. குனிஞ்சு பாத்தா அடியில பூலோகம் அண்ணன் வீட்டு தண்ணி டிரம்மு நிக்கி. இதுக்குப் பேரு விண்வெளியாக்கும்.

— குனிஞ்சு ஏன் பாக்க? சாமி கும்பிட வாறவன் நிமிந்துதான பாப்பான். நம்ம மண்டல் தலைவர் பூலோகம் அண்ணன் இந்த யோசனையச் சொன்ன உடனே கமிட்டியில எல்லாரும் கைதட்டிட்டாவ, தெரியுமா? போன வருசம் செம்பூர் மண்டல்காரன் தெர்மாகோல்ல பாலம் கட்டி பரிசத் தட்டிட்டுப் போனான். அஞ்சாம் நாள் பரிசு கமிட்டி வருது. இந்த வருசம் பாம்பேயிலயே நாமதான்.

— அவன் பாலத்த தெர்மாகோல்ல கட்டுனான். நீங்களும் கார தெர்மாகோல்ல செய்ய வேண்டியதுதான?

— நெசக் காரு மாதிரி வருமா? அமெரிக்காவுல ஒரு பணக்காரன் என்ன செஞ்சான்? நெசமான காரத்தான ராக்கெட்டுல வச்சு மேல விட்டான்? டிரைவர் சீட்டுல ஒரு பொம்மையையும் உக்கார வச்சு. அது இன்னைக்கும் சூரியனச் சுத்திக்கிட்டு கெடக்காம்.

— அவன் அவங்காரல்லா அனுப்புனான்? நீங்க எங்காரல்லா அனுப்புதீய?

— உன் காரு என் காருன்னு என்னட்டி பிரிச்சுப் பேசுத?

— அப்ப உங்க பெல்ட் பட்டறை மிசினைத் தூக்கி மேல வையுங்களேன். அதுக்கும் சில்வர் பேப்பர் ஒட்டலாம்.

— மிசின் எங்கயாச்சும் பறக்குமா? கோட்டித்தனமாப் பேசாத. சும்மா கேளேன், நான் சொல்லுதத. நாம கார வாங்கி நாலு மாசம் ஆகுது. நிம்மதியா ஒரு நாளு நிறுத்த எடம் கெடைச்சுதா? நம்ம சந்துல சைக்கிளே சாஞ்சுதான் வருது. எவனையாச்சும் ஓட்டச் சொல்லி தொண்ணூறடி ரோட்டுல நிறுத்துனா கடைக்காரன் ஏசுதான். சயான் பக்கம் நிறுத்துனா டோயிங் வண்டிக்காரன் கொக்கிய மாட்டுதான். விண்வெளியப் பாரு. எம்புட்டு எடம். எவன் வந்து ‘காடி ஹட்டாவ், வண்டிய எடு’ன்னு கத்தப்போறான்?

— நிறுத்த எடம் இருக்கு, சரி. எறங்க எடம் இருக்கா?

— எதுக்கு எறங்கணும்?

— இடியாப்பத்த யாருக்குக் குடுக்க? நெலாவுக்கா?

— இப்ப இடியாப்பம் எங்கன வந்துச்சு?

— அதான், உங்களுக்கு அது மறந்துபோச்சு. இன்னைக்கு சனிக்கெழம. நாளன்னைக்குத் திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு வாஷியில, பேகம் அக்கா நடத்துத கேண்டீன்ல இருநூறு பிளேட்டு இடியாப்பம் எறங்கணும். எட்டு வருசமா வாசல்ல அடுப்பு வச்சு, வாறவனுக்கும் போறவனுக்கும் அவிச்சு வித்தவளுக்கு இப்பத்தான் மொதல் தடவையா ஒரு கேண்டீன் ஆர்டர் வந்துருக்கு. நேத்து ராத்திரி அந்த அக்கா போன் பண்ணி, ‘திங்கக்கெழம நல்லா இருந்துச்சுன்னா தெனமும் வேணும் விஜயராணி’ன்னு சொல்லுதாவ. அதக் கேட்ட பொறவு விட முடியுமா? நான் போன வச்சிட்டு வெளிய வந்து பாத்தா எங்காரு மேடையில நிக்கி, மண்டையில பூவ வச்சுக்கிட்டு.

— டிரெயின்ல கொண்டு போயேன். ஜி.டி.பி. நகர்ல ஏறுனா நேரா வாஷி.

— காலைல ஆறு மணி டிரெயின்ல ஏறிருக்கீயளா? மனுசனே இடியாப்பமாத்தான் எறங்குதான். நான் கூடையோட ஏறுனா வாஷி போறதுக்குள்ள எல்லாம் திரும்ப மாவாயிரும்.

— டெம்போ...

— டெம்போக்காரன் ஒருத்தனும் பத்து நாளைக்குக் கெடையாது. பாம்பே முழுக்கப் பிள்ளையாரத்தான் ஏத்திக்கிட்டுத் திரியுதாவ. கேட்டுப் பாத்துட்டுத்தான் வந்து நிக்கேன்.

— வாஷிக்குப் போற ரோடு எப்பிடி இருக்கு தெரியுமா? மழைக்கு அப்புறம் ரோடா அது? ஒவ்வொரு பள்ளத்துலயும் மீனு வளக்கலாம். விண்வெளியில பாரு, ஒரு பள்ளம் கெடையாது, ஒரு ஸ்பீட் பிரேக்கர் கெடையாது, சிக்னல் கெடையாது. ஒரு தடவ தள்ளிவிட்டா போதும், போய்க்கிட்டே இருக்கும். பெட்ரோலே வேண்டாம்.

— நின்னா?

— நிக்காது.

— நிக்கவே நிக்காத வண்டியில போயி நான் எப்பிடி எறங்க? ஆரன் அடிச்சாலாவது யாரும் விலகுவாங்களா?

— அங்க காத்தே கெடையாதாம். ஆரன் அடிச்சா சத்தம் கேக்காதாம்.

— அப்ப நம்ம ஊருக்காரன் ஒருத்தனும் அங்க வண்டி ஓட்ட மாட்டான். ஆரன் கேக்கலன்னா அவனுக்கு வண்டி ஓட்டுன மாதிரியே இருக்காது.

— பாத்தியா, சிரிச்சுட்ட. நீ சிரிச்சுட்டன்னா பாதிக் கோவம் போயிருச்சுன்னு அர்த்தம்.

— மீதிப் பாதி அப்பிடியேதான் இருக்கு. அது என்னது, முன்னால நம்பர் பிளேட்டுல?

— பூமி ஒண்ணு. எங்கேருந்து வந்த வண்டின்னு அங்க இருக்கவனுக்குத் தெரிய வேண்டாமா?

— எலுமிச்சம்பழமும் மொளகாவும் கட்டித் தொங்க விட்டிருக்கீய. அங்க யாரு கண்ணு வைக்கப்போறா?

— ஏன், செவ்வாய்க் கெரகத்துக்காரன் வைக்க மாட்டானா? பக்கத்து வீட்டுக்காரன்தான் கண்ணு வைப்பான்னு எழுதியா இருக்கு? ஆனா டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைக்குததுதான் பிரச்சன. அங்க தரையே கெடையாதுல்லா. பூலோகம் அண்ணனும் நானும் முக்கா மணி நேரம் அதப் பத்திதான் பேசுனோம்.

— முக்கா மணி நேரம்.

— கடைசியில நூல்ல கோத்து டயர்லயே கட்டிருவோம்னு முடிவு பண்ணிட்டோம்.

— டிரைவர் சீட்டுல யாரது? கண்ணாடி போட்டுக்கிட்டு?

— மூஞ்சூறு. காகிதக் கூழுல செஞ்சது. அவருக்கு வாகனம் அதான? அதான் வாகனத்துக்கே ஒரு வாகனம். மூஞ்சூறு ஸ்டியரிங் பிடிக்க, பிள்ளையார் கூரை மேல சம்மணம் போட்டு உக்காந்து ஜம்முனு போறாரு. கூரை அமுங்காது, பயப்படாத. பலகை போட்டுருக்கோம்.

— மூஞ்சூறுக்கு லைசன்ஸ் இருக்கா?

— விண்வெளியில யாருட்டி லைசன்ஸ் கேக்கப்போறா?

— வீட்டுல ஒருத்தி லைசன்ஸ் வாங்கி பர்சுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரியுதேன். நீங்க எலியக் கொண்டு போயி சீட்டுல உக்கார வச்சிருக்கீய.

— அது வெறும் பொம்மைட்டி.

— பொம்மைதான் ஓட்டணும் உங்களுக்கு. பொண்டாட்டி ஓட்டக்கூடாது.

— நான் அப்பிடிச் சொன்னேனா? நான் என்ன சொல்லுதேன்னா, அங்க ஒரு தொந்தரவும் கெடையாது. டிராஃபிக் போலீசு கெடையாது. ஆர்.டி.ஓ. கெடையாது. ரிவர்ஸ் எடுத்துக் காட்டுன்னு எவனும் நிக்க மாட்டான். மேட்டுல நிறுத்தி, திரும்ப எடுன்னு சொல்ல மாட்டான். மேடே கெடையாது. ரிவர்ஸே கெடையாது. எப்பவும் முன்னால, முன்னால...

— இப்பப் புரியுது.

— என்ன புரியுது?

— மூணு தடவ டெஸ்ட்டுக்குப் போயி மூணு தடவையும் ரிவர்ஸ்ல கம்பத்த இடிச்சுட்டு வந்தீயளே. நான் ஒரே தடவையில வாங்கிட்டு வந்துட்டேன். அதுதான இது?

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— நீங்க இந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க.

— மழ வருமோன்னு பாத்தேன்.

— தார்ப்பாயப் பாத்தா மழ தெரியுமா? சரி, அத விடுங்க. விண்வெளிக்கு அனுப்புததுன்னு ஆகிப்போச்சு, அதுக்காவது சரியான ஆள அனுப்புதீயளா? ஒலகத்தச் சுத்தி வான்னு சொன்னப்ப மயில்ல ஏறிப் போனது யாரு? தம்பி. அண்ணன் என்ன செஞ்சாரு? ‘எனக்கு எல்லாமே எங்கப்பா எங்கம்மாதான்’னு அவுகளச் சுத்தி வந்து பழத்த வாங்கித் தின்னுட்டு உக்காந்துட்டாரு. வீட்ட விட்டு ஒரு எட்டு வெளிய வைக்காத சாமி. அவரப் போயி விண்வெளிக்கு அனுப்புதீய.

— அட, அப்பிடி ஒண்ணு இருக்கோ?

— என்ன, ஒருத்தரும் யோசிக்கலையாக்கும்? முக்கா மணி நேரமும் எலுமிச்சம்பழத்துலயே போயிருச்சோ?

— ஏட்டி, இதப் போயி பூலோகம் அண்ணன் காதுல போட்டுராத. வாங்க சாமி, வாங்க. மாட்டுங்காவுலேருந்து நடந்தா வந்தீய? வேத்துக் கொட்டுது.

— டாக்ஸியிலதான்ப்பா கிளம்பினேன். சயான்ல அசையாம நின்னுடுத்து. இறங்கி நடந்துட்டேன். இந்தச் சங்கரநாராயணன் இருபத்திரண்டு வருஷமா இந்த மண்டலுக்குப் பூஜைக்கு வரான், ஒரு தடவையும் நேரம் தவறினதில்லை. அது போகட்டும், இது என்னது? பிள்ளையார் பந்தலா, மெக்கானிக் ஷெட்டா?

— விண்வெளி சாமி.

— சரி. விநாயகர் எங்கே?

— அந்தா மேசை மேல, மொகத்த மூடி வச்சிருக்கோம். இப்பத் தூக்கி கார் மேல வச்சிரலாம்.

— கார் மேலயா?

— சாமி, நான் ஒண்ணு கேக்கணும். நான் இவுக சம்சாரம், விஜயராணி. நீங்க மந்திரம் சொல்லி முடிச்சதுக்குப் பொறவு பிள்ளையாரத் தூக்கி வேற எடத்துல வைக்கலாமா?

— கூடாதும்மா. பிராணப் பிரதிஷ்டைன்னா பிம்பத்துக்கு உயிர் குடுக்கறதுன்னு அர்த்தம், கேட்டேளா? அதுக்கப்புறம் அவர் வெறும் மண்ணு இல்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசைக்கப்படாது. கடலுக்குக் கொண்டுபோற அன்னிக்குத்தான் எடுக்கணும்.

— அது என்னைக்கு?

— உங்க மண்டல்ல எப்பவும் பத்து நாள்தானே?

— அப்ப அவரு கூரை மேல உக்காந்துட்டா எங்காரும் பத்து நாளைக்கு அசையாது.

— அசையப்படாது. அசைஞ்சா தோஷம்.

— கேட்டீயளா? பத்து நாள். திங்கக்கெழம ஏழு மணிக்கு எனக்கு வாஷி.

— சாமியே சொல்லிட்டாவ, நான் என்ன செய்ய?

— சாமி, ஒண்ணரை நாள்ல கொண்டுபோயி கடல்ல கரைச்சுட்டா தப்பா? நெறய வீட்டுல அப்பிடித்தான செய்யுதாவ? நாளைக்குச் சாயங்காலம் எடுத்துட்டா...

— நல்லாருக்கே. அஞ்சாம் நாள் பரிசு கமிட்டி வரும்போது நாங்க வெறும் மேடையக் காட்டவா? ஏட்டி, ஊர் மானம்...

— ரெண்டு பேரும் சித்த நில்லுங்கோ. எனக்கு ஒண்ணும் புரியலை. இந்தக் கார் யாரோடது?

— என்னோடது சாமி.

— எங்களோடது சாமி.

— சரி, ரெண்டு பேரோடதும்னு வெச்சுப்போம். அம்மாவுக்குத் திங்கட்கிழமை வேணும். இவருக்குப் பத்து நாள் வேணும். பிள்ளையாருக்கு ஒண்ணும் வேண்டாம். ராகுகாலம் பத்தரைக்கு முடியறது. முடிஞ்சதும் நான் ஆரம்பிச்சாகணும். இன்னும் அரை மணிதான் இருக்கு. ஒரு சந்தேகம் கேக்கறேன். இவர் எதுக்கு விண்வெளிக்குப் போறார்?

— அதான் சாமி நானும் கேட்டேன். மயில்ல போனது தம்பியாச்சேன்னு.

— நியாயமான கேள்வி. பார்வதி பரமேஸ்வராளைச் சுத்தி வந்து போதும்னு உட்கார்ந்தவரைப் போய்க் கார்ல ஏத்தறதாவது. பேச்சிராஜா, நான் ஒரு யோசனை சொல்றேன், கேளு. காரை அனுப்பிச்சுடு.

— அனுப்பத்தான சாமி மேடையில ஏத்திருக்கோம்.

— ஏத்திருக்கே. இன்னும் அனுப்பலை. அனுப்பிட்டா அப்புறம் இங்கே என்ன இருக்கும்? கார் இருக்குமா? பின்னாடி நட்சத்திரம் இருக்கும். புகை இருக்கும். டயர் தடம் இருக்கும். நடுவுல பிள்ளையார் உட்கார்ந்துண்டு, கையைத் தூக்கி டாட்டா காட்டறார். கீழே ஒரு பலகையில எழுதிடு: கார் போயாச்சு, நான் இங்கேயே இருக்கேன்னு.

— இருங்க சாமி, அந்த மேடைய ஒரு தடவ பாத்துக்கிடுதேன்.

— என்னப்பா, பிடிக்கலையா?

— சாமி, எனக்கு மயிர்க்கூச்செடுக்குது. நிசமாவே சொல்லுதேன். பிள்ளையாருக்குக் கை ஏற்கனவே தூக்கித்தான இருக்கு. ஆசீர்வாதம் பண்ணுதாரு. அதையே டாட்டான்னு வச்சுக்கிடலாம். பூலோகம் அண்ணன் அழுதுருவாரு. ஏட்டி, செம்பூர்க்காரன் செத்தான்.

— பேச்சிராஜா, சதுர்த்தி அன்னிக்கு அந்த வார்த்தை வேண்டாம். நீ முதல்ல காரை இறக்கு. நான் கை கால் அலம்பிண்டு, அந்த மேசைகிட்ட உட்கார்ந்து சாமானெல்லாம் எடுத்து வைக்கறேன்.

— எறக்கிருவோம் சாமி. நேத்து ஆறு பேரு தள்ளித்தான் ஏத்துனோம். ஆளுக வரட்டும்.

— பத்தரைன்னு சாமி சொல்லுதாவல்லா? அவுக டீ குடிச்சு, பேப்பர் பாத்து, வெத்தல போட்டு வாறதுக்குள்ள பத்து நாள் ஆயிரும். சாவியக் குடுங்க.

— எதுக்கு?

— ரிவர்ஸ்ல எறக்குதேன்.

— சாச்சு வச்ச இந்த ரெண்டு பலகையிலயா? ஒவ்வொண்ணும் ஒரு சாண் அகலம்ட்டி.

— நேத்து இதுலதான ஏத்துனீய?

— நேத்து ஏறுனது ஆள் இல்லாத வண்டி.

— சாவி.

— இந்தா. கொஞ்சம் இரு, மூஞ்சூற வெளிய எடுத்துருதேன். காது ஒடிஞ்சிராம. ம், இப்ப ஏறு. சீட்ட முன்னால இழுத்துக்க. கண்ணாடியத் திருப்பு. தெரியுதா?

— சில்வர் பேப்பர் ஒட்டி வச்சிருக்கீய கண்ணாடியில.

— இரு, கிழிக்கேன். இப்ப?

— தெரியுது.

— ஸ்டார்ட் பண்ணு. பண்ணிட்ட. சரி, ரிவர்ஸப் போடு.

— போடுதேன், இருங்க.

— என்னாச்சு? கியர் விழலையா?

— விழுந்துருச்சு.

— பின்ன?

— காலு ஆடுது.

— எந்தக் காலு?

— கிளச்சுக் காலு. சிரிக்காதீய.

— நான் எங்கன சிரிச்சேன்? நீதான ஒரே தடவையில வாங்குனவ?

— அது மைதானத்துல. சுத்தி ஒருத்தரும் இல்ல, பலகையும் இல்ல, நாலடிப் பள்ளமும் இல்ல. பக்கத்துல டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவரு காலுகிட்ட ஒரு பிரேக்க வச்சுக்கிட்டு உக்காந்துருந்தாரு. லைசன்ஸ் வந்ததுக்குப் பொறவு நான் எங்க ஓட்டுனேன்? நம்ம சந்து முக்குலேருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும். அதுவும் ரெண்டு தடவ.

— அப்ப வாஷி? அந்தப் பாலம்? லாரி எல்லாம் காட்டு யான மாதிரி வருமே?

— நீங்க வேற அதச் சொல்லாதீய.

— எறங்கு. ஆளுக வந்துரட்டும்.

— எறங்க மாட்டேன். எறங்குனா இனிமே ஏற மாட்டேன். எனக்கே தெரியும்.

— சரி. அப்ப நான் சொல்லுதபடி செய்யி. மூணு தடவ ரிவர்ஸ்ல தோத்தவன் சொல்லுதேன், கேளு. மொதத் தடவ நான் கழுத்த மட்டும் திருப்பிட்டு உடம்பத் திருப்பாம உக்காந்துருந்தேன். கம்பம் கண்ணுக்கே தெரியல. நீ உடம்போட திரும்பு. கைய அந்த சீட்டு மேல போடு.

— போட்டுட்டேன்.

— ரெண்டாந் தடவ அவசரம். பிரேக்குல காலு இல்ல. நீ பிரேக்க விடாத. பைய விடு. எறும்பு ஊருதாப்பல. வண்டி தன்னால எறங்கும், ஆக்சிலேட்டரே வேண்டாம்.

— மூணாந் தடவ?

— மூணாந் தடவ பயந்து போயி ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுட்டேன். நீ ஒடிக்காத. நேரா வச்சுக்க. நான் ‘இடது’ன்னா ஒரு விரக்கட திருப்பு, அம்புட்டுதான். என் கையப் பாரு. வேற எங்கயும் பாக்காத.

— பின்னால நிக்காதீய. ஓரமா வாங்க.

— நான் ஓரத்துலதான் நிக்கேன். உடு. பைய. பைய. வருது. சக்கரம் பலகையில ஏறிருச்சு. வா.

— பலகை சத்தம் போடுதே.

— நேத்தும் போட்டுச்சு. வா வா. இடது. கொஞ்சம். போதும், நேராக்கு. நேரா.

— நிக்கட்டுமா?

— நிக்காத. நின்னா பயம் வரும். வந்துக்கிட்டே இரு. இன்னும் ரெண்டடி. வலது, ஒரு விரக்கட. ம்ம். பின் சக்கரம் தரையத் தொட்டுருச்சு.

— தொட்டுருச்சா?

— தொட்டுருச்சுட்டி. முன் சக்கரம் வருது. வா. வா. அவ்வளவுதான். பிரேக்க அமுத்து. ஹேண்ட் பிரேக்கத் தூக்கு. எஞ்சின அமத்து.

— எறக்கிட்டேனா?

— எறக்கிட்ட. ஒரு பல்பு கூட ஒடையல. எலுமிச்சம்பழம் கூட நசுங்கல.

— பேஷ் அம்மா. நான் கண்ணை மூடிண்டு கணபதி மந்திரம் சொல்லிண்டிருந்தேன். திறந்து பார்த்தா கார் கீழே நிக்கறது. பேச்சிராஜா, அப்புறம் ரெண்டு பேரும் எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கோங்கோ, முதல்ல மேடையைத் துடைச்சுக் கோலம் போடச் சொல்லு. நான் பூவைக் கட்டிண்டிருக்கேன்.

— அஞ்சு நிமிசம் சாமி. ஏட்டி, ஏன் எறங்காம உக்காந்துருக்க?

— இருக்கட்டும். கொஞ்ச நேரம் உக்காந்துக்கிடுதேன். எங்காரு.

— விஜயா, ஒண்ணு சொல்லுதேன், ஏசாத. பூலோகம் அண்ணன் கார் வேணும்னு கேட்டப்ப நான் ஒரு நிமிசம் கூட யோசிக்கல. உடனே தாறேன்னுட்டேன். மண்டலுக்காக இல்ல.

— தெரியும்.

— பட்டறையில காசிம் பாய் கேலி பண்ணிக்கிட்டே கெடந்தாரு. ‘பேச்சிராஜா, திங்கக்கெழம உன் பொண்டாட்டி ஓட்டுவா, நீ பக்கத்துல இடியாப்பக் கூடைய மடியில வச்சுக்கிட்டுப் போவியா’ன்னு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சேந்து சிரிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள எரிஞ்சுச்சு. மூணு தடவ தோத்தவன் மொகத்தப் பாத்து உன் லைசன்ஸ் படம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு வெக்கமா இருந்துச்சுட்டி. அதான் கார் பத்து நாளு மேல நிக்கட்டும்னு நெனச்சேன். அதுக்குள்ள அந்த அக்கா வேற ஆளப் பாத்துக்கிடுவாவன்னு.

— இதையும் தெரியும்.

— எப்பிடித் தெரியும்?

— ஆர்டர் வந்த நாள்லேருந்து நீங்க இடியாப்பமே திங்கல.

— சரி. இப்ப நானாச் சொல்லுதேன். திங்கக்கெழம நான் வாறேன். கூடைய மடியில வச்சுக்கிட்டு. எல்லாத்துக்கும் தெரியுத மாதிரி, ஜன்னல எறக்கி விட்டுக்கிட்டு. காசிம் பாய் வீட்டு வழியாவே போவோம்.

— பாலம் வரும்போது?

— ரோட்டப் பாத்துச் சொல்ல நான் இருக்கேன்லா. இப்பச் சொன்ன மாதிரி. நீ பயப்படாத. நீ நல்லா ஓட்டுத. என்னைய விட நல்லா ஓட்டுத.

— இன்னொரு தடவ சொல்லுங்க.

— நீ நல்லா ஓட்டுதட்டி விஜயா. நெசமா.

— இந்த ஒரு வார்த்தைய நீங்க ஆர்டர் வந்த அன்னைக்கே சொல்லிருந்தா, நான் வாஷிக்கு ஓட்டப் பயந்துபோயி பூலோகம் அண்ணன் சம்சாரம் ஸ்ரீலேகா அக்காகிட்டப் போயி, ‘இந்த வருசம் ஒரு கார ஆகாயத்துக்கு அனுப்புத மாதிரி செய்யச் சொல்லுங்க, எங்க காரு சும்மாதான நிக்கி’ன்னு சொல்லிருக்கவே மாட்டேன்.